புதுப்பிப்பு: எலிவால் அருவிக்குப் போய் வந்தாச்சு

பழனி மலையில், எலிவால் அருவி என்கிற தலையாறு அருவியின் அடிவாரம் வரை நடக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வனத்துறை அனுமதியோடு, வழி தெரிந்த உள்ளூர் அண்ணன் ஒருவருடன் போய் வந்தோம். 975 அடி! கொடைக்கானல் மலைச்சாலையில் உள்ள டம்டம் பாறையிலிருந்து நூலாகத் தெரிவது, கீழிருந்து அண்ணாந்தால் மிரள வைக்கிறது.

மதியம் ஓடைத் தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. எங்களுக்கோ நல்ல வெயில். “மேல மழைங்க, கரையேறுங்க” என்றார் அண்ணன். ஏறிய கொஞ்ச நேரத்தில், உட்கார்ந்திருந்த பாறையே முழுகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தயவுசெய்து போகாதீர்கள்.

அப்புறம், பாசிப் பாறைக்குச் செருப்பு உதவாது. பிடிப்புள்ள ஷூ வேண்டும். காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு உப்பு போதும்.