நீர்யானைக்குச் சொந்தம் பன்றியா, திமிங்கலமா?

மழைக்காகம்:
நீர்யானைக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம் திமிங்கலம் என்று ஒரு இடத்தில் படித்தேன். யானை இல்லை என்பது தெரியும், பெயர்தான் அப்படி. ஆனால் பல்லையும் உடம்பையும் பார்த்தால் பன்றி மாதிரிதானே இருக்கிறது? டிஎன்ஏ ஒத்துப்போகிறதாம். வாழைக்கும் நமக்கும்கூடத்தான் கொஞ்சம் ஒத்துப்போகிறது, அதை வைத்து எப்படி முறை சொல்கிறார்கள்?

ஓலைப்பெட்டி:
கடைவாய்ப் பல்லைப் பார்த்துப் பன்றி என்றுதான் விஞ்ஞானிகளும் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். சதவீதத்தை விடுங்கள், எந்த இடத்தில் ஒத்துப்போகிறது என்று பாருங்கள். மரபணுத் தொகுதியில் 'சைன்' என்று குட்டித் துண்டுகள் உண்டு, அவை நகலாகிக் கண்ட இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும், செருகியது பெரும்பாலும் அப்படியே பிள்ளை, பேரன் என்று இறங்கிக்கொண்டே போகும். கோடிக்கணக்கான இடங்கள் இருக்க, இரண்டு விலங்குகளில் தனித்தனியாக அதே துண்டு அதே இடத்தில் போய் உட்காருவது நடக்காத காரியம். ஜப்பானில் நோரிஹிரோ ஒகாடா குழு 1999இல் காட்டியது இதைத்தான்: திமிங்கலத்திலும் நீர்யானையிலும் துண்டு இருக்கிற சில இடங்கள் மாடு, பன்றி, ஒட்டகத்தில் காலி. வேறு சில துண்டுகள் மாட்டிலும் உண்டு, பன்றியில் இல்லை. ஆக மாடு பங்காளி, பன்றி தூரத்துச் சொந்தம். ஏட்டுச்சுவடி பதிப்பிக்கிறவர்கள், ஒரே பிழை ஒரே வரியில் இருந்தால் இரண்டு ஏடும் ஒரு மூலத்தைப் பார்த்து எழுதியவை என்பார்களே, அந்தக் கணக்குதான்.

மழைக்காகம்:
அப்போ திமிங்கலம் நீர்யானையிலிருந்து வந்ததா?

ஓலைப்பெட்டி:
இல்லை இல்லை. இரண்டுக்கும் பொதுவான மூதாதை சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்தது, அது இரண்டு மாதிரியும் இருந்திருக்காது. எலும்பும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. 2001இல் பாகிஸ்தானில் கிடைத்த பழைய திமிங்கலங்களின் கணுக்கால் எலும்பு, ஆடு மாட்டுக்கு இருப்பதுபோல இரு முனையிலும் கப்பி வடிவில் இருந்தது.

பாக்கடலான்:
பெயரை நம்பினால் இன்னொரு கூத்தும் உண்டு. எங்கள் பக்கம் ஆவுளியா என்போம், புத்தகத்தில் கடல்பசு. அதற்கும் பசுவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, மரபணுவில் அதுதான் யானைக்குச் சொந்தம்! சந்தேகமாக இருந்தால் பால்காம்பைப் பாருங்கள், பசுவுக்குப்போலப் பின்னால் இல்லை, யானைக்குப்போல முன்பக்கம், துடுப்பின் அக்குளில் இருக்கும். ஆணுக்குச் சின்னதாகத் தந்தமும் வரும்.