6–8 வயசுப் பிள்ளைகளுக்கு யோகா: எதை எடுக்கலாம், எதை விடணும்?

கேள்வி:
200 மணி நேர ஆசிரியர் பயிற்சி முடிச்சாச்சு. அதில் குழந்தைகளுக்குன்னு தனியா எதுவும் இல்லை. இப்போ 6 முதல் 8 வயசு வரை 12 பிள்ளைகள், 45 நிமிஷ வகுப்பு. ஒரு ஆசனத்தில் எவ்வளவு நேரம் நிறுத்தலாம்? பிராணாயாமம் எதுவரை? சவாசனத்தில் எப்படிப் படுக்க வைக்கிறது?

பதில் 1:
பெரியவங்க வரிசையைச் சுருக்கிக் கொடுத்தா எடுபடாது. முதல் 5 நிமிஷம் குதிக்க விடுங்க, அப்புறம் சூரிய நமஸ்காரம் 3 சுற்று. ஆசனத்தில் 3 முதல் 5 மூச்சு போதும், எண்ணிக்கையை அவங்களே சத்தமா எண்ணட்டும். எதிரில் நின்னு காட்டும்போது "வலது கை"ன்னு சொல்லி உங்க இடது கையைத் தூக்குங்க. கண்ணாடி மாதிரி பார்த்துச் செய்வாங்க.

ஒத்தைக் காலில் நிற்கிற விருட்சாசனத்தில்தான் வகுப்பு கலையும். வட்டமா நிறுத்தினா ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சு, மொத்தமா சாய்ஞ்சிடுவாங்க. சுவரைப் பார்த்து நிறுத்தி, கண் உயரத்தில் ஒரு புள்ளி ஒட்டுங்க, விரல் நுனி சுவரில் இருக்கட்டும். முதலில் குதிகாலைக் கணுக்காலில் சாய்ச்சு, கால்விரல் தரையிலேயே இருக்கணும். பழகினதும் கெண்டைக்கால், அப்புறம் தொடை. முட்டியின் பக்கவாட்டில் மட்டும் பாதத்தை அழுத்த விடாதீங்க. அந்த மூட்டு பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குறதுக்கானது இல்லை.

பதில் 2:
மூச்சை அடக்குற கும்பகம், வேகமா மூச்சை வெளியே தள்ளுற கபாலபாதி, வேகமா இழுத்து விடுற பஸ்திரிகா மூணும் இந்த வயசுக்கு வேண்டாம். வண்டு மாதிரி ரீங்காரம் பண்ணிட்டே மூச்சு விடுற பிராமரி 5 முறை நல்லா வரும். உதடு மூடி, பல் லேசா விலகி இருக்கணும். காதுத் துளைக்குள்ள விரலை விடாம, அதுக்கு முன்னாடி இருக்கிற சின்ன மடலை மெதுவா அழுத்தினா போதும்.

"ஆழமா மூச்சு இழு"ன்னு சொன்னா தோள் மேலே ஏறும், வயிறு உள்ளே ஒட்டும். அதுக்குப் பதிலா மல்லாக்கப் படுக்க வெச்சு, தொப்புள் மேல ஒரு சின்னத் துணிப் பொம்மையை வையுங்க. பொம்மை ஏறி இறங்குறதைப் பார்த்தாலே சரியான மூச்சு தானா வந்துடும்.

பதில் 3:
சிரசாசனம் கேட்டு நச்சரிப்பாங்க, கொடுக்காதீங்க. உடம்போட ஒப்பிட்டா இந்த வயசில் தலை பெரிசு, கழுத்து பலம் குறைவு. சுவரில் கால் தூக்கிப் படுக்கிறதே போதும். நல்லா வளையுற பிள்ளைகிட்ட இன்னும் கவனம் வேணும்: தரையில் கை ஊன்றும்போது முழங்கை பின்பக்கமா வளைஞ்சு பூட்டிக்கும். கொஞ்சம் மடக்கியே வைக்கச் சொல்லுங்க.

சவாசனம் 3 நிமிஷம். கண்ணை மூடியே ஆகணும்னு கட்டாயம் வேண்டாம்; குப்புறவோ பக்கவாட்டிலோ படுக்கிறதும் சரிதான். இரண்டு கையையும் 5 எண்ணும் வரை இறுக்கி மூடி விடச் சொல்லுங்க, அப்புறம் கால் பெருவிரலில் ஆரம்பிச்சு ஒவ்வொரு உறுப்பா பேர் சொல்லிட்டே வாங்க. எழும்போது பக்கவாட்டில் திரும்பித்தான் எழணும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அதில் ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா. சேர்க்கலாமா?

பதில் 3:
டாக்டர் சம்மதம் இருந்தா தாராளமா. இன்ஹேலர் பையில் இல்லை, உங்க கைக்கு எட்டுற இடத்தில் இருக்கணும். குதிக்கிறதை மெதுவா ஆரம்பிங்க. வீசிங் சத்தம் கேட்டா உடனே நிறுத்தி, படுக்க வைக்காம நிமிர்ந்து உட்கார வெச்சு, டாக்டர் சொன்ன அளவில் இன்ஹேலர் கொடுங்க. அந்த அளவைப் பெற்றோர்கிட்ட முதல் நாளே எழுதி வாங்கிடுங்க.