மறு: டப்பிங் என்று சொன்னால் போதுமா?

> 'தன்மொழியாக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிது?

வணக்கம் நண்பர்களே,

வெளிநாட்டுத் தொடரின் படத்தை விட்டுவிட்டு, பேச்சையும் பெயர்களையும் இஷ்டம்போல மாற்றிக் காட்டுவதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

தன்மொழியாக்கம் (லோக்கலைசேஷன்) மென்பொருள்காரர்களின் சொல். 'சேமி', 'அழி' வகையறாக்களுக்குச் சரி. அமெரிக்கக் கார்ட்டூன்களை வாங்கிய ஜப்பான்காரர்கள் செய்தது அதுவல்ல. படத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, ஒலித்தடத்தில் மட்டும் புகுந்து விளையாடியிருக்கிறார்கள்.

டாம் அண்ட் ஜெர்ரியில் பேச்சே அபூர்வம். 1964இல் ஜப்பானில் டிபிஎஸ் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியபோது, கதையைச் சொல்லிக்கொண்டே போக ஒரு வர்ணனையாளரைச் சேர்த்தார்கள். மொழிபெயர்க்க வசனமே இல்லாத இடத்தில் வசனம்! இதை மொழிமாற்று என்றால் ஒட்டுமா?

பெயர்களும் தப்பவில்லை. 1970இல் அங்கே போன வாக்கி ரேசஸ் என்ற கார் பந்தயக் கார்ட்டூனில் வில்லன் டிக் டாஸ்டர்ட்லி 'பிளாக் மாஓ' ஆனான். கருப்பு அசுரராஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய நாய் மட்லி, கென்கென் ஆயிற்று. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 1985இல் வந்தபோது, லாரியாக மாறும் ரோபோ ஆப்டிமஸ் பிரைம் 'கான்வாய்' ஆனதில் வியாபாரமும் உண்டு. அந்த லாரி பொம்மையை டகாரா நிறுவனம் முன்பே 'பேட்டில் கான்வாய்' என்று ஜப்பானில் விற்றிருந்தது.

உச்சம் என்றால் 1997இல் டிவி டோக்கியோ காட்டிய பீஸ்ட் வார்ஸ் என்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வகைத் தொடர்தான். ஒலி இயக்குநர் இவாநாமி யோஷிகாசு, குரல் கலைஞர்களைத் தாராளமாகச் சொந்த வசனம் அடித்துவிட அனுமதித்தார். விறைப்பான போர்க்கதை அங்கே பாதி காமெடி ஆயிற்று. ஏரேசர் என்ற பெண் பாத்திரம் ஆணாகவே மாறிவிட்டது.

என் பரிந்துரை: குரல்தழுவல். குரல்தழுவிய தொடர், குரல்தழுவுநர் என்று நீட்டவும் வரும். சாதாரண டப்பிங் டப்பிங்காகவே இருக்கட்டும்.

---

> என் பரிந்துரை: குரல்தழுவல்.

ஐயா, தழுவல் என்றாலே மறுபடி படமெடுப்பதுதானே நினைவுக்கு வரும்? பவர்பஃப் கேர்ள்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூனை ஜப்பானில் 2006இல் பெயரின் கடைசியில் 'இசட்' சேர்த்துப் புதிதாகவே வரைந்தார்கள். தழுவல் என்றால் எனக்கு அது. இதற்கு 'வசன மறுவாக்கம்' போதாதா?

அப்புறம் இன்னொன்று. இலக்கணப்படி புணர்த்தினால் 'குரற்றழுவல்' ஆகிவிடும். யார் வாயில் நுழையும்?

---

குரற்றழுவல்! சிரித்துவிட்டேன்.

வசன மறுவாக்கத்தில் சிக்கல் இருக்கிறது. ஏரேசர் ஆணானது வசனத்தால் மட்டுமா? பேசிய தோரணையும் சேர்ந்துதான். டாம் அண்ட் ஜெர்ரியிலோ மறு ஆக்கம் செய்ய முதல் ஆக்கமே கிடையாது. பவர்பஃப் கேர்ள்ஸ் இசட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதைத் தழுவல் என்றே விட்டுவிடுவோம். இங்கே 'குரல்' முன்னால் நிற்பதால் எல்லை தெரிந்துவிடுகிறது. சுட்டி டிவியில் தமிழ் பேசிய கார்ட்டூன் ஜாக்கி சானைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

வரையறையில் 'படம் பெரிதும் மாறாமல்' என்று சேர்த்துவிடுகிறேன். சொல்லையும் இடைவெளி விட்டு 'குரல் தழுவல்' என்றே எழுதுவோம். புணர்ச்சித் தொல்லை இல்லை. குரல்தழுவுநரைப் பிரித்தால்தான் அசிங்கமாக இருக்கிறது. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.