சொல் வேண்டும்: ‘ரிலே அட்டாக்’

மார்க்கம், ஒன்ராறியோ

அன்பின் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும், கொஞ்சம் அவசரமாக. எங்கள் பகுதித் தமிழ் முதியோருக்காகக் கார்க் களவு பற்றி இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். போன மாதம் நானே ஒரு புது எஸ்யூவி வாங்கியதுதான் காரணம். வீட்டுக்கு அடுத்தபடியாக வாழ்நாளில் இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய சாமான் இதுதான். வாங்கி மூன்றாம் நாள், இரண்டு வீடு தள்ளி இருக்கும் மச்சானின் கார், அதே மாடல், விடியற்காலையில் வாசலில் இல்லை. நிலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு கூட இல்லை. பக்கத்து வீட்டுக் கமராவில் பார்த்தால் இரண்டு பேர். ஒருவன் காரின் கதவோரம் குந்தியிருக்கிறான். மற்றவன் வீட்டு முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டையான பையை நெஞ்சளவுக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மணி அடிக்கத் தயங்கும் விருந்தாளி மாதிரி நிற்கிறான். ஒரு நிமிடம் ஆகவில்லை, கார் போய்விட்டது.

அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. “திறப்பு உள்ளுக்குத்தானே கிடக்குது, பிறகு எப்படிக் கொண்டுபோனவன்?” என்றார். “ரிலே அட்டாக் அம்மா” என்றேன். “அதென்ன வருத்தம்?” என்று கேட்டார். ஹார்ட் அட்டாக் மாதிரி ஏதோ நோய் என்று நினைத்துவிட்டார்.

நடப்பது இதுதான். பொத்தான் அமுக்காமலே கதவு திறக்கும் கார்களில், கைப்பிடியைத் தொட்டதும் கார் தாழ் அதிர்வெண்ணில், சுமார் 125 கிலோஹேர்ட்ஸில், “திறப்பே, கிட்ட நிற்கிறாயா?” என்று முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பு ஒன்றிரண்டு மீற்றருக்கு மேல் போகாது. கேட்ட திறப்பு, வட அமெரிக்கக் கார் என்றால் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸில், “இங்கேதான் நிற்கிறேன்” என்று பதில் சொல்லும். அந்தப் பதில் பல பத்து மீற்றர் போகும். களவர் செய்வது, காரின் முணுமுணுப்பை ஒரு கருவியால் பிடித்து, வீட்டு வாசலில் நிற்பவனின் பையிலுள்ள வளைய அன்ரனாவில் மீண்டும் ஒலிக்க விடுவது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் திறப்பு, கார் பக்கத்தில் நிற்கிறது என்று நம்பிப் பதில் சொல்லிவிடும். எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால், திறப்பு தூரப் போனாலும் நிற்காது. ஓடும் வழியில் நின்றால் ஆபத்து என்று அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

இது புதிய வித்தையும் இல்லை. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இலேயே 8 நிறுவனங்களின் 10 மாடல்களை இப்படித் திறந்து கிளப்பிக் காட்டினார்கள். இங்கே நிலைமை முற்றி, 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் தேசிய மாநாடே கூட்ட வேண்டி வந்தது. நீதி அமைச்சருக்கு அரசு கொடுத்த டொயோட்டா ஹைலாண்டரே களவு போன நாடு இது.

எனக்குத் தேவை, அம்மா கேட்டவுடன் விளங்கும் ஒரு சொல்.

கோயம்புத்தூர்

தம்பி, நலமா? நான் 34 ஆண்டு இயற்பியல் நடத்தியவன், கார் ஓட்டத் தெரியாது. ஆகவே சொல்லை மட்டும் பார்க்கிறேன்.

‘ரிலே’வுக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: அஞ்சல். வானொலிக்காரர்கள் ஒரு நிலையத்தின் செய்தியை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை ‘அஞ்சல் செய்தல்’ என்றே சொல்லி வந்தார்கள். உங்கள் இலங்கைப் பள்ளிக்கூடங்களில் ‘அஞ்சல் ஓட்டம்’ என்பீர்கள், நாங்கள் ‘தொடர் ஓட்டம்’ என்போம். ‘அஞ்சல் தாக்குதல்’ என்று வைத்துக்கொள்ளலாமே?

இன்னொன்று. நீங்கள் ‘திறப்பு’ என்று எழுதியதை இங்கே படிப்பவர் ‘திறப்பு விழா’ என்றுதான் எடுத்துக்கொள்வார். எங்களுக்குச் சாவி. அது போர்த்துக்கேயரிடம் வாங்கியது. உங்களுடையது தமிழ், அதில் எனக்குப் பொறாமை உண்டு. பிரசுரம் அங்குள்ளவர்களுக்கு என்பதால் திறப்பே இருக்கட்டும்.

சென்னை

ஐயா, ‘அஞ்சல் தாக்குதல்’ என்றால் தபாலில் வெடிகுண்டு அனுப்பியது போல இருக்கிறது. நான் பத்து வருஷமாக மென்பொருள் தமிழாக்கம் செய்கிறேன். ‘அட்டாக்’ வந்தாலே ‘தாக்குதல்’ போட்டு எல்லாவற்றையும் போர்க்களமாக்கிவிட்டோம். இங்கே யாரும் யாரையும் தாக்கவில்லை, சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

என் பரிந்துரை ‘அலைகடத்தல்’. கடத்துதலுக்கு இரண்டு பொருள்: மின்சாரத்தைக் கடத்துவது, ஆளைக் கடத்துவது. இந்த வேலையில் இரண்டும் இருக்கிறது. ஆள்கடத்தல் போலவே அலைகடத்தல், நடுவில் ஒற்று வராது. யாருக்கும் பிடிக்கவில்லை என்றால் ‘ரிலே திருட்டு’ என்றே விட்டுவிடலாம். ரிலே ரேஸ் தெரியாத தமிழர் யார்?

ஸ்காபரோ

வணக்கம் ஐயா, அண்ணை, அக்கா. நான் இந்தக் குழுவில வாசிக்கிறதோட சரி. ஆனா இது என்ர தொழில், கார் வயரிங். அதால எழுதுறன்.

எங்கட கடையில இதுக்குச் ‘சிக்னல் இழுக்கிறது’ எண்டுதான் சொல்லுறம். பேர் என்னவெண்டாலும் வையுங்கோ, ஆனா பிரசுரத்தில எல்லாக் களவையும் ஒரு பேருக்குள்ள அடைச்சுப் போடாதேங்கோ. மூண்டு விதம் இருக்குது.

ஒண்டு அண்ணை சொன்னது. ரெண்டாவது, கண்ணாடியை உடைச்சோ பூட்டை நெம்பியோ உள்ள போய், ஸ்டியரிங்குக்குக் கீழ, மெக்கானிக் காரைச் சோதிக்கிறதுக்கு இருக்கிற ஓபிடி சொருகியில கருவியைக் குத்தி, புதுத் திறப்பு ஒண்டைக் காருக்குப் பழக்கிறது. மூண்டாவதுதான் எனக்குப் பயம். முன் பம்பரை இழுத்து, ஹெட்லைற் வயருக்குள்ளால, காரின்ர பாகங்கள் தங்களுக்குள்ள பேசிக்கொள்ளுற கேன் வலையமைப்புக்குள்ள புகுந்து, “திறப்பு சரி, கதவைத் திற, எஞ்சினை விடு” எண்டு பொய்ச்செய்தி அனுப்புறது. 2022இல இங்கிலாந்து லண்டனில ஒரு டொயோட்டா ராவ்4 இப்பிடித்தான் போனது. காரின்ர சொந்தக்காரரே கார்ப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்காரர், அதால விசயம் வெளிய வந்தது. கருவியை ஒரு புளூடூத் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள ஒளிச்சு வித்திருக்கிறாங்கள். கேன் 1986இல பொஷ் எண்ட ஜெர்மன் கொம்பனி கொண்டு வந்தது. அந்த வலைக்குள்ள வாற செய்தியை ஆர் அனுப்பினது எண்டு கார் கேக்கிறேல்லை.

சிக்னல் மறைக்கிற பை முதலாவதுக்கு மட்டும்தான். மற்ற ரெண்டுக்கும் பையும் ஒண்டுதான், பலகாரப் பொட்டலமும் ஒண்டுதான். அதுக்கு ஸ்டியரிங் தடி, ஓபிடிப் பூட்டு, பின் நம்பர் அடிச்சாத்தான் கிளம்பிற மாதிரி தனி இமொபிலைசர், இதுகள் வேணும். ஒண்டை மட்டும் பூட்டாதேங்கோ, அடுக்கடுக்காப் போடுங்கோ.

மார்க்கம்

ஸ்காபரோத் தம்பிக்குப் பெரிய நன்றி. நீர் எழுதியிராவிட்டால் பிரசுரம் பாதிப் பொய்யாகப் போயிருக்கும்.

> என் பரிந்துரை ‘அலைகடத்தல்’.

அக்கா, ரசித்தேன். ஆனால் இரண்டு சிக்கல். ‘அலைகட’ வரை வாசித்த தமிழ்க்கண் தானாக ‘ல்’ போட்டு அலைகடல் ஆக்கிவிடும், எனக்கே இரண்டு தரம் ஆனது. மற்றது, இங்கே துப்பாக்கியைக் காட்டிக் காரைப் பறிப்பதை ‘வாகனக் கடத்தல்’ என்கிறோம். களவுக் கார்கள் கொள்கலனில் ஏறி மொன்றியல் துறைமுகம் வழியாக மேற்கு ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் போவதும் கடத்தல்தான். ஒரே பக்கத்தில் மூன்று கடத்தல் வந்தால் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்.

நேற்றிரவு ஒரு சோதனை செய்தேன். வாங்கிய பை வந்து சேரவில்லை, ஆகவே அம்மாவின் நீலப் பிஸ்கற் ரின்னை எடுத்தேன். எல்லார் வீட்டிலும் இருக்குமே, திறந்தால் பிஸ்கற் இருக்காது, ஊசியும் நூலும் பழைய சட்டைப் பொத்தான்களும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கொட்டி, திறப்பை உள்ளே வைத்து, மூடியைச் சும்மா மேலே வைத்துக்கொண்டு கார்க் கதவடிக்குப் போனேன். கைப்பிடியைத் தொட்டேன், திறந்துகொண்டது. மூடியைச் சுற்றிவர அமுக்கி இறுக்கினேன். மறுபடி தொட்டேன், திறக்கவில்லை. ரின்னைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தும் திறக்கவில்லை. இந்த நேரத்தில் ரின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்ன கூத்து என்று அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

குளிரில் அவருக்கு விளங்கப்படுத்தும்போதுதான் சொல் வாயில் வந்தது. “கார் ஒண்டு கேக்குதம்மா. திறப்பு தூரத்தில இருக்கிறதால அதுக்குக் கேக்காது. கள்ளன் நடுவில நிண்டு தூது போறான்.”

தூது. அவன் செய்தியை மாற்றுவதில்லை, வாசிப்பதுமில்லை, அவனுக்கு அது விளங்கவும் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் மாறும் மறைகுறியை அவன் உடைக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்க்கிறான், அவ்வளவுதான். ‘ஊடுருவல்’, ‘குறியுடைப்பு’ எல்லாம் இந்த இடத்தில் பிழை. கிளியையும் முகிலையும் தூது விட்ட மொழியில் இதற்குச் சொல் இல்லாமலா?

ஆகவே: கள்ளத்தூது.

தம்பி சொன்ன மற்ற இரண்டும் தாமாக வரிசையில் வந்து நிற்கின்றன. புதுத் திறப்பைப் பழக்குவது கள்ளத்திறப்பு, தமிழ்நாட்டில் கள்ளச்சாவி. கேன் வழியில் பொய்ச்செய்தி செலுத்துவது கள்ளச்செய்தி, அல்லது கள்ள ஆணை.

சென்னை

நல்ல சொல். ஆனால் என் காதில் முதலில் விழுந்தது கள்ளக்காதல். இங்கே மாலைப் பத்திரிகைகள் அந்த முன்னொட்டைப் பாழாக்கி வைத்திருக்கின்றன. ‘கள்ளத்தூது: மார்க்கத்தில் பரபரப்பு’ என்று தலைப்புப் போட்டால் கார் நினைவுக்கு வருமா?

இன்னொன்று, தூது என்றால் அனுப்பியவர் ஒருவர் இருக்க வேண்டும். இங்கே கார் யாரையும் அனுப்பவில்லையே?

கோயம்புத்தூர்

அனுப்பாத தூதன் என்பதால்தானே அவன் கள்ளன்! அந்த முன்னொட்டு அதற்காகத்தான் அங்கே நிற்கிறது. கள்ளநோட்டை எந்த வங்கியும் அச்சடிக்கவில்லை.

என் ‘அஞ்சல்’ தோற்றதில் வருத்தமில்லை. கலைச்சொல்லுக்கு நான் வைக்கும் சோதனை வேறு: அது குட்டி போடுமா? கள்ளத்தூதுக் கருவி, கள்ளத்தூதன், கள்ளத்தூது தாங்கும் பூட்டு. போடுகிறது. எதிர்வினைக்கும் ஒரு சொல் தேவை. புதிய கார்கள் சிலவற்றில் மீயகலப்பட்டை (அல்ட்ரா வைட்பேண்ட்) ரேடியோ அலையை வைத்து, கேள்வி போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கிறார்கள். ஒளி ஒரு நானோநொடியில் 30 செ.மீ. போகும். சாவி 20 மீட்டர் தள்ளி இருந்தால் போய் வர ஏறத்தாழ 133 நானோநொடி கூடுதலாகும். தூதன் எத்தனை வேகமாக ஓடினாலும் ஒளியை முந்த முடியாது, மாட்டிக்கொள்வான். இதை ‘தொலைவு வரம்பிடல்’ என்று சொல்லலாம் என நினைத்தேன். கரடுமுரடாக இருக்கிறது.

மார்க்கம்

ஐயா, எங்களிடம் ‘எட்டம்’ இருக்கிறது. “எட்டத்தில நில்” என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எட்டக்கணிப்பு?

கோயம்புத்தூர்

எடுத்துக்கொண்டேன். திறப்புக்குப் பிறகு உங்களிடம் நான் பொறாமைப்படும் இரண்டாவது சொல்.

சென்னை

சரி, என் பட்டியலில் ‘கள்ளத்தூது’ ஏறுகிறது. பக்கத்தில் ஓராண்டுக்கு ‘ரிலே திருட்டு’ என்ற பழைய பெயரும் நிற்கும், தேடுபவர்களுக்காக. இமொபிலைசருக்கு ‘முடக்கி’ என்று முன்பே வைத்திருக்கிறேன், யாருக்கும் மறுப்பு உண்டா? ஐரோப்பாவில் 1998இலிருந்தும் கனடாவில் 2007இலிருந்தும் புதுக் கார்களில் கட்டாயமான ஒரு பொருளுக்கு நாம் இன்னும் பெயரில்லாமல் இருப்பது கொஞ்சம் வெட்கம்.

ஸ்காபரோ

முடக்கி நல்லம். கடையில நாளைக்கே சொல்லிப் பாக்கிறன்.

அண்ணை, பிரசுரத்தில ஒண்டு கவனம். 2024இல ரொறன்ரோப் பொலிஸ் அதிகாரி ஒருத்தர், கள்ளர் வீட்டுக்குள்ள வராம இருக்கத் திறப்பை முன்வாசலில வையுங்கோ எண்டு ஒரு கூட்டத்தில சொல்லி, சனம் கொதிச்சது தெரியும்தானே. அதையும் மறைப்புப் பையில போட்டு வைக்கத்தான் சொன்னவர், ஆனா சனத்துக்கு வாசல் மட்டும்தான் ஞாபகம். நீங்கள் ‘பையில போட்டு, வாசலுக்கு எட்டத்தில வையுங்கோ’ எண்டு தெளிவா எழுதுங்கோ. பையை மாதம் ஒருக்கா உங்கட ரின் சோதனை மாதிரிச் சோதிக்கவும் சொல்லுங்கோ, மடிப்பில தேஞ்சு போகும். சில கார்களில கிட்டப் போனாத் திறக்கிற வசதியையே செற்றிங்கில நிப்பாட்டலாம், பொத்தான் அமுக்கித் திறக்கிற பஞ்சி இல்லாட்டி அது ஒரு செலவும் இல்லை.

அது சரி, கார் வாங்கேக்க ரெண்டு திறப்புத் தந்திருப்பினம். ரின்னுக்குள்ள ஒண்டு. மற்றது?

மார்க்கம்

முன்கதவுக்குப் பின்னால், ஆணியில்.

இப்போது எழும்பிப் போய் எடுத்து வந்தேன். அம்மாவின் ஊசிநூல் இன்னும் கிண்ணத்தில்தான் கிடக்கிறது.