எங்கள் ஆஸ்பத்திரியில் ரேடியேஷனைப் பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் கறுப்பின நோயாளிகள். கமிட்டியிடம் என்ன சொல்வது?

எக்செல்_ஏகாம்பரம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், மேக்கன் நகருக்குத் தெற்கே ஒரு வட்டார ஆஸ்பத்திரியில் டேட்டா அனலிஸ்டாக இருக்கிறேன். பெயர் வேண்டாம். சுற்று வட்டாரக் கவுண்டிகளுக்கெல்லாம் கேன்சர் என்றால் நாங்கள்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் கறுப்பின மக்கள்.

போன மாதம் சாதாரண வேலை ஒன்று வந்தது. ரேடியேஷன் மெஷின் எந்தெந்த நேரத்தில் சும்மா கிடக்கிறது என்று கணக்கெடுத்துக் கொடு என்றார்கள். கொடுத்தேன். நேரம் குறித்துவிட்டு வராமல் போனவர்கள் பட்டியல் திரையில் திறந்தே இருந்தது. கை சும்மா இருக்கவில்லை, இனம் என்ற கட்டத்தை இழுத்து வைத்துப் பிரித்துப் பார்த்தேன். வினையே அங்கேதான். தொடங்கிவிட்டுப் பாதியில் நின்றவர்கள் ஒரே பக்கமாகக் குவிந்து கிடந்தார்கள். பலருக்கு மார்பகத்தில் முதல் கட்டம், இரண்டாம் கட்டம். முடித்திருந்தால் நல்லபடியாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள்.

ஒரு வரி மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஓர் அம்மாவுக்கு 30 முறை எழுதியிருந்தது. 11 முறை வந்திருக்கிறார். குறிப்பில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று மட்டும் இருக்கிறது. அதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை.

மேனேஜரிடம் காட்டினேன். "உன்னிடம் மெஷின் நேரம்தானே கேட்டோம், இனத்தை எதற்கு இழுக்கிறாய்?" என்றார். அப்புறம் அவரே இரண்டு நாள் கழித்து வந்து, கமிட்டியில் பத்து நிமிடம் வாங்கித் தருகிறேன், பேசு என்றார். மூன்று வாரம் இருக்கிறது.

கேன்டீனில் டாக்டர்கள் பேசுவது எனக்குத் தெரியும். "அவர்களுக்கு ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை இல்லை, டஸ்கீகி கதை இருக்கிறதல்லவா" என்பார்கள், காபியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு சிஃபிலிஸ் மருந்து கொடுக்காமல் வேடிக்கை பார்த்த கொடுமை நடந்தது உண்மைதான். ஆனால் இந்த அம்மா 11 நாள் வந்திருக்கிறாரே? நம்பிக்கை இல்லாதவர் முதல் நாளே வந்திருக்க மாட்டாரே!

என் கேள்வி இதுதான். ஹூஸ்டன், நியூயார்க் போன்ற பெரிய இடங்களை விடுங்கள். எங்களை மாதிரி ஒரு வட்டார ஆஸ்பத்திரி இந்த இடைவெளியை உண்மையிலேயே குறைத்துக் காட்டியிருக்கிறதா? பிங்க் ரிப்பன், போஸ்டர் மாதிரி விழிப்புணர்வு யோசனை வேண்டாம். எங்கள் லிஃப்ட்டிலேயே நான்கு ஒட்டியிருக்கிறது.

---

நேவிகேட்டர்_வள்ளி

தம்பி, இருக்கிறது. வடகரோலைனாவில் கிரீன்ஸ்பரோ. கோன் ஹெல்த் என்ற வட்டார ஆஸ்பத்திரி. நான் அங்கே வேலை பார்க்கவில்லை, தள்ளி இன்னொரு ஊரில் கேன்சர் நர்ஸ் நேவிகேட்டர், அதாவது சிகிச்சை முடியும்வரை நோயாளிக்குக் கூடவே இருந்து வழிகாட்டுகிற நர்ஸ். ஆனால் எங்கள் தொழிலில் இதைத் தெரியாமல் இருக்க முடியாது. ஆராய்ச்சியின் பெயர் அக்யூர். கோன் ஹெல்த்தும் பிட்ஸ்பர்க்கில் ஒரு கேன்சர் மையமும் சேர்ந்து செய்தார்கள். வடகரோலைனா பல்கலைக்கழகத்து டாக்டர் சாமுவேல் சைக்கர்ட் முன்னின்றார். கிரீன்ஸ்பரோ ஊர்க்காரர்களின் குழு ஒன்று ஆரம்பத்திலிருந்தே கூட உட்கார்ந்து திட்டம் போட்டது.

எடுத்துக்கொண்டது ஆரம்பக்கட்ட மார்பகப் புற்றுநோயும் நுரையீரல் புற்றுநோயும். முன்பு அங்கே கறுப்பின நோயாளிகளில் 79.8 சதவீதம் பேர் சிகிச்சையை முடித்தார்கள், வெள்ளையரில் 87.3. திட்டத்துக்குள் வந்தவர்களில் 88.4, 89.5. 2019-இல் வெளியானது. வெள்ளையர் கணக்கும் ஏறியிருப்பதைக் கவனி. கமிட்டியில் யாராவது "ஒரு சாராருக்கு மட்டும் ஏன்" என்று இழுத்தால் அந்த வரியைக் காட்டு. ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடு: ஒப்பிட்டது பெரும்பாலும் பழைய நோயாளிகளோடு. சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை.

அவர்கள் செய்தது பெரிய மாயமில்லை. கம்ப்யூட்டரில் ஓர் எச்சரிக்கை வைத்தார்கள். ஒருவர் குறித்த நாளுக்கு வரவில்லை, அல்லது இந்தத் தேதிக்குள் ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை என்றால் நேவிகேட்டர் திரையில் பெயர் வந்துவிடும். அவர் போனை எடுப்பார். இரண்டாவது, டாக்டர்கள் குழுவுக்கு அவர்களுடைய நோயாளிகளில் யார் முடித்தார்கள், யார் முடிக்கவில்லை என்பதை இனவாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். நீ கை சும்மா இல்லாமல் செய்தாயே, அதேதான். அங்கே அதை வேலையாகவே வைத்தார்கள். டாக்டரும் நர்ஸும் மற்ற ஊழியர்களும் உட்கார்ந்து கேட்கிற வகுப்பும் நடந்தது.

'ஒத்துழைக்கவில்லை' என்ற வார்த்தையைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். முன்பு வேறொரு இடத்தில் இருந்தபோது வயதான ஓர் அம்மா மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டார். குறிப்பில் 'தோலில் லேசான மாற்றம், நோயாளி தொடர மறுத்தார்'. நான் வீட்டுக்கே போனேன். உட்கார வைத்து ஐஸ் டீ கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, கதவைச் சாத்திவிட்டு மேல்சட்டையைத் தூக்கிக் காட்டினார். மார்பின் கீழ் மடிப்பில் தோல் உரிந்து, துணி ஒட்டிப்போய் இருந்தது. வெள்ளைத் தோலில் ரேடியேஷன் பட்ட இடம் செக்கச் சிவந்து தெரியும். கறுப்புத் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? இன்னும் கறுக்கும், அவ்வளவுதான். சிவப்பைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அது 'லேசான மாற்றம்'. "இரண்டு தடவை சொன்னேன், எல்லோருக்கும் இப்படித்தான் என்றார்கள்" என்றார். என் தோலும் ஏறக்குறைய அவர் நிறம்தானே, எனக்குச் சுருக்கென்றது. களிம்பும் ஒட்டாத கட்டும் கொடுத்த பிறகு திரும்பி வந்தார்.

அதனால் முதலில் உன் 11 நாள் அம்மாவுக்கு யாராவது போன் போடட்டும். கமிட்டி அப்புறம்.

---

பில்லிங்_பெரியசாமி

எல்லாம் சரி, ஆனால் இதில் இனம் எங்கே வந்தது? இருபது வருடமாக மருத்துவமனை பில்லிங்கில் இருக்கிறேன். இன்சூரன்ஸ் இல்லாதவர் நின்றுவிடுவார், இருக்கிறவர் முடிப்பார். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை ஜார்ஜியா முழுதாக விரிவுபடுத்தவே இல்லை. 2023-இல் கொண்டுவந்த திட்டத்திலும் வேலை, படிப்பு மாதிரி ஏதாவது ஒன்றுக்குக் கணக்குக் காட்டினால்தான் கார்டு. கீமோ எடுத்துக்கொண்டு வாந்தி எடுக்கிறவர் எந்த வேலைக்குப் போய்க் கணக்குக் காட்டுவார்? பணத்தைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். டாக்டர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் தம்பியின் வேலைதான் போகும்.

---

நேவிகேட்டர்_வள்ளி

அண்ணாச்சி, பணம் பெரிய விஷயம் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. டெலவேர் மாநிலம் அதைத்தான் செய்தது. காப்பீடு இல்லாதவர்களுக்குப் பெருங்குடல் பரிசோதனைக்கு அரசே பணம் கொடுத்தது, கேன்சர் கண்டுபிடித்தால் சிகிச்சைக்கும் கொடுத்தது. கூடவே ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் நேவிகேட்டர்களையும் வைத்தது. 2001-இல் கறுப்பின மக்களில் 48 சதவீதம் பேர்தான் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள், 2009-இல் 74. வெள்ளையரும் அதே 74.

ஆனால் பணம் மட்டும் என்று சொன்னால் 1999-இல் வந்த, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பற்றிய ஆய்வை என்ன செய்வீர்கள்? எல்லோரும் 65 வயதைத் தாண்டியவர்கள், எல்லோர் கையிலும் அதே மெடிகேர் கார்டு, எல்லோருக்கும் ஆரம்பக்கட்ட நுரையீரல் புற்றுநோய். ஆபரேஷன் நடந்தது வெள்ளையரில் 76.7 சதவீதம் பேருக்கு, கறுப்பினத்தவரில் 64. ஆபரேஷன் நடந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பிழைத்திருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கார்டு ஒன்று, கட்டி ஒன்று. கத்தி மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக வரவில்லை.

இன்னொன்று. கிரீன்ஸ்பரோ என்றால் 1960-இல் நான்கு கறுப்பின மாணவர்கள் ஊல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து போராடியது எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி கதை அவ்வளவாகத் தெரியாது. ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் டாக்டரின் நோயாளிக்குத் தாடை வீங்கிக் காய்ச்சல். கறுப்பின மக்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. வெள்ளையர் ஆஸ்பத்திரிகள் இரண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டுமே மத்திய அரசுப் பணம் வாங்கியவை. சிம்கின்ஸும் மற்ற டாக்டர்களும் நோயாளிகளும் வழக்குப் போட்டு 1963-இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். அந்த இரண்டில் ஒன்று மோசஸ் கோன், மற்றது வெஸ்லி லாங். இன்றைய கோன் ஹெல்த்தின் புற்றுநோய் மையம் வெஸ்லி லாங் வளாகத்தில்தான் இருக்கிறது. வழக்குப் போட்டவர்களில் அப்போது உயிரோடு இருந்த டாக்டர் ஆல்வின் பிளௌண்ட்டிடம் 2016-இல் ஆஸ்பத்திரி மன்னிப்புக் கேட்டது. தன் பழைய கணக்கைத் திறந்து பார்த்த ஆஸ்பத்திரியால்தான் எக்செல் கணக்கையும் திறந்து பார்க்க முடிந்தது என்பது என் கட்சி. நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

---

ஜெர்சி_ஜெயராமன்

நேவிகேட்டர் என்ற வேலையே எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஹார்லெம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹரால்ட் ஃப்ரீமன் 1990-இல் தொடங்கியது. அவருடைய பழைய மார்பகப் புற்றுநோய் நோயாளிகளில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் 39 சதவீதம்தான். குறைந்த செலவில் பரிசோதனையும், கையைப் பிடித்து அழைத்துப்போக ஆளும் வைத்த பிறகு அது 70 ஆனது. கை பிடித்தவர்கள் எல்லோரும் நர்ஸ்களும் இல்லை, அந்தத் தெருக்காரர்கள். உங்கள் ஊரில் சர்ச் பக்கம் கேட்டுப் பாருங்கள், ஆள் கிடைக்கும்.

---

எக்செல்_ஏகாம்பரம்

எல்லோருக்கும் நன்றி. ஜெயராமன் சார், ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரோடு சர்ச்சுக்குப் போனேன். ஏசி சரியாக ஓடவில்லை. ஆளுக்கொரு அட்டை விசிறி கொடுத்தார்கள், பின்பக்கம் ஈமச்சடங்கு நடத்தும் கம்பெனி விளம்பரம். எங்கள் ஆஸ்பத்திரி பெயர் எதிலும் இல்லை. பாஸ்டர் புதன்கிழமை வந்து பேசுங்கள் என்றிருக்கிறார்.

பெரியசாமி சார், வேலை இன்னும் போகவில்லை. டாக்டர்வாரியாகப் பெயர் போடவில்லை, மொத்தமாகத்தான் காட்டப்போகிறேன். அக்காவுக்கு இது பிடிக்காது, தெரியும். முதல் கூட்டத்துக்கு இவ்வளவுதான் என் தைரியம்.

அப்புறம், வள்ளி அக்கா, அந்த அம்மா. ரேடியேஷன் பிரிவு நர்ஸிடம் சொன்னேன், அவர் போன் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாராம். தோல் பிரச்சினை இல்லை, நம்பிக்கைப் பிரச்சினையும் இல்லை. தங்கை காரில்தான் வந்துகொண்டிருந்தார். கோழி ஃபேக்டரியில் தங்கையின் ஷிஃப்ட்டைக் காலை ஒன்பதுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்னால் வந்து போகிற மாதிரி நேரம் கேட்டிருக்கிறார். காலையில் இடமில்லை, மதியம் இரண்டு மணிதான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போனை வைத்ததும் நர்ஸ் என்னிடம் வந்து, மெஷின் சும்மா கிடக்கிற நேரம் என்று நீ கொடுத்த பட்டியல் எங்கே என்று கேட்டார். எடுத்தேன். முதல் வரியே காலை 7 முதல் 8. வாரத்தில் நான்கு நாள் காலி.

நடுவில் ஐந்து வாரம் போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்பதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எழுதியிருக்கிறார்கள்.