ஹேமார்க்கெட் வழக்கு: குண்டு வீசியவரே தெரியாமல் தூக்கா?

கேள்வி: சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கம், 1886 மே 4. தொழிலாளர் கூட்டத்தைக் கலைக்க வந்த போலீசார் மீது யாரோ குண்டு வீச, கொலைக் குற்றம் சுமத்தி அராஜகவாதிகளைத் தண்டித்தார்கள். குண்டை வீசியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பிறகு எப்படி மேல்முறையீட்டில் தண்டனை நிலைத்தது?

பதில் 1: சதிக் குற்றச்சாட்டுதான் காரணம். சதியில் சேர்ந்தவர் எவரும் கொலைக்குப் பொறுப்பு என்றது இலினாய் மாநில உச்ச நீதிமன்றம் (1887).

பதில் 2: குற்றவியல் வழக்காடியவன் நான், எனக்கு ஜூரி (குற்றவாளியா இல்லையா என முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) தேர்வுதான் உறுத்துகிறது. முன்கூட்டியே கருத்து வைத்திருந்ததாகச் சொன்னவர்களையும் நீதிபதி கேரி ஏற்றுக்கொண்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ தலையிட மறுத்தது. நவம்பர் 11 அன்று நால்வரைத் தூக்கிலிட்டார்கள். 1893இல் இலினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட் சிறையில் எஞ்சியிருந்த மூவரை மன்னித்து விடுவித்தார். அந்த மன்னிப்பு ஆணையைப் படியுங்கள், மேல்முறையீட்டில் வந்திருக்க வேண்டிய தீர்ப்பு அது!

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. இன்றே தேடிப் படிக்கிறேன்.