வீவக அறையில் வலைநிரலாக்க மேசை: 1,200 வெள்ளியில் எதை முதலில் வாங்குவது?

செங்காங்_நிரலர்:
வணக்கம். சிங்கப்பூரில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, சின்னப் படுக்கையறையில்தான் மேசை. 120க்கு 60 செ.மீ., சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறது. கைவசம் எம்2 மேக்புக் ஏர் ஒன்று, அலுவலகம் கொடுத்த 16 ஜிபி விண்டோஸ் மடிக்கணினி ஒன்று. வேலை பெரும்பாலும் ரியாக்ட், வீட் (செய்கிற தளத்தைக் கணினியிலேயே ஓட்டிக் காட்டும் கருவி), கொஞ்சம் நோட், டாக்கர் ஆகிய வலைநிரலாக்கக் கருவிகளில். பட்ஜெட் 1,200 வெள்ளி. 27 அங்குலத் திரை இரண்டு வாங்கலாமா, நல்லதாக ஒன்று போதுமா? இன்னொன்று: மேக்கை ஹப் (ஒரு துளையைப் பல துளையாக்கும் பெட்டி) வழியாக 4கே திரையில் போட்டால் மவுஸ் இழுபடுகிறது, நிரலை உருட்டினால் விட்டுவிட்டு ஓடுகிறது. கோளாறு ஹப்பிலா, திரையிலா, கேபிளிலா?

தேக்கா_கேபிள்:
திரை ஒன்று போதும். எம்2 ஏர் நேரடியாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் தாங்கும். இரண்டு எச்டிஎம்ஐ துளை உள்ள டாக் வாங்கினாலும் மேக்கில் இரண்டிலும் ஒரே படம்தான் வரும், ஏனென்றால் ஒரே இணைப்பில் இரண்டு திரையைப் பிரித்து அனுப்பும் எம்எஸ்டி முறையை மேக்ஓஎஸ் அந்த வேலைக்குப் பயன்படுத்துவதில்லை. மென்பொருள் வழியாகக் கூடுதல் திரையை ஓட்டும் டிஸ்பிளேலிங்க் சில்லு உள்ள டாக் போட்டால் முடியும். ஆனால் அதற்குத் தனி மென்பொருள் நிறுவ வேண்டும், திரையைப் பதிவு செய்யும் அனுமதியும் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க அசைவூட்டம் பார்க்கிற வேலைக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

மவுஸ் இழுபடுவது அநேகமாக ஹப்பால்தான். சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்பிளேஸைத் திறந்து புதுப்பிப்பு வேகத்தைப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். யூஎஸ்பி-சி துளையில் வேகத்தடங்கள் நான்கு. சாதாரண ஹப் இரண்டைத் தரவுக்கும் இரண்டைப் படத்துக்கும் ஒதுக்குகிறது. டிஸ்பிளேபோர்ட் 1.2 முறையில் இரண்டு தடத்தில் ஏறுவது நொடிக்கு ஏறக்குறைய 8.6 கிகாபிட். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 12க்கு மேல் வேண்டும். ஆகவே பாதி வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. மூன்று வழி இருக்கிறது:

1. யூஎஸ்பி-சியிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போகும் கேபிளை நேராகத் திரையில் செருகுவது. நான்கு தடமும் படத்துக்கே. இருப்பதிலேயே மலிவு இதுதான்.
2. டிஸ்பிளேபோர்ட் 1.4 உள்ள, 4கே 60 ஹெர்ட்ஸ் என்று பெட்டியிலேயே அச்சிட்ட ஹப். வெறும் 4கே என்று மட்டும் போட்டிருந்தால் கீழே வையுங்கள்.
3. யூஎஸ்பி-சி நுழைவும் 65 வாட் மின்னூட்டமும் உள்ள திரை. ஒரே கேபிளில் படம், சார்ஜ், விசைப்பலகை எல்லாம். உங்கள் பட்ஜெட்டில் பாதியை இதற்குக் கொடுத்தால் தப்பில்லை.

சார்ஜ் செய்வதற்கென்று விற்கும் யூஎஸ்பி-சி கேபிளைத் திரைக்குப் போட்டுவிட்டு, படம் வரவில்லையே என்று திரையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது மின்சாரத்தையும் யூஎஸ்பி 2 வேகத் தரவையும்தான் கடத்தும், படத்தைக் கடத்தாது.

இரண்டு கணினி இருப்பதால் கேவிஎம் (ஒரே விசைப்பலகையையும் மவுஸையும் இரண்டு கணினிக்கும் மாற்றிவிடும் வசதி) உள்ளே இருக்கும் திரையாகத் தேடுங்கள். மேக் யூஎஸ்பி-சியில், விண்டோஸ் எச்டிஎம்ஐயில், அதோடு திரையின் யூஎஸ்பி-பி துளைக்கு ஒரு கேபிள். இந்த மூன்றாவது கேபிளை விட்டுவிட்டால் விண்டோஸில் படம் வரும், விசைப்பலகை வேலை செய்யாது. சிம் லிம்மிலோ ஃபூனானிலோ வாங்கினால் உங்கள் மேக்கையே எடுத்துப்போய் 60 ஹெர்ட்ஸ் வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

கம்பியில்லா மவுஸின் சிறு டாங்கிளை (கணினியில் செருகும் அலைவாங்கி) யூஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இரைச்சலைக் கிளப்பும். 60 ஹெர்ட்ஸ் வந்த பிறகும் மவுஸ் திக்கினால், யூஎஸ்பி 2 நீட்டிப்புக் கம்பி ஒன்று வாங்கி டாங்கிளை மவுஸ் அருகே கொண்டுவந்துவிடுங்கள், சரியாகும்.

ஜூரோங்_மேற்கு:
கேபிள் விஷயத்தில் மேலே சொன்னது சரி. ஆனால் பாதிப் பணம் திரைக்குப் போவதற்கு முன் நாற்காலியைப் பாருங்க. 75 செ.மீ. உயர மேசை நம்மில் பல பேருக்கு அதிகம். முழங்கை மேசை மட்டத்துக்கு வர்ற மாதிரி நாற்காலியை ஏத்தினா கால் தொங்கும், அதனால் கால்மணையும் சேர்த்தே கணக்கு போடுங்க. உட்கார்ந்து பார்க்கும்போது இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழையணும். அலுவலகம் காலி செய்யும்போது விற்கிற பழைய நாற்காலி கரூசல் விற்பனைத் தளத்தில் நிறைய வரும். புது மலிவு நாற்காலியை விட அது எத்தனையோ மேல். ஏத்தி வைத்து ஐந்து நிமிஷம் உட்காருங்க, தானா இறங்கினா வாயு உருளை போயாச்சு.

60 செ.மீ. மேசையில் திரையின் அடித்தாங்கியே மூன்றில் ஒரு பங்கைத் தின்னுடும். திரைக்கை (மேசை விளிம்பைக் கவ்வித் திரையைத் தூக்கிப் பிடிக்கும் கை) போடுங்க. திரைக்குப் பின்னால் திரைக்கையைத் திருகிப் பொருத்த 100க்கு 100 மி.மீ. வீசா துளை இருக்கான்னு முதலில் பார்க்கணும். மேசைப் பலகையைத் தட்டிப் பாருங்க. உள்ளே அட்டைக்கூடு வைத்த பலகைன்னா டொக்குன்னு வெற்றொலி வரும், அதில் கவ்வியை முறுக்கினா பலகை நசுங்கிடும். மேலேயும் கீழேயும் இரும்புத் தகடு வைத்தால் தாங்கும். ரப்பர்மரப் பலகைக்கு மாறினா இந்தக் கவலையே இல்லை. சுவரை ஒட்டின மேசையில் திரைக்கையின் முட்டி பின்னால் இடிக்கும், அதுக்காக மேசையைக் கொஞ்சம் முன்னால் இழுக்க வேண்டியிருக்கும்.

மின்பலகையில் பாதுகாப்புக் குறி இருக்கணும். ஊரிலிருந்து கொண்டுவந்த பல்முனைப் பலகை வேண்டாம். 230 வோல்ட் ஒன்றுதான், ஆனா முள் பொருந்தாது, மாற்றி மேல் மாற்றி போட்டா சூடாகும். ஒரு பலகையில் இன்னொன்றைச் செருகவும் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. 27 அங்குல 4கேயை மேக்கில் 2560க்கு 1440 மாதிரி தெரிய வைத்தால், மேக் 5120க்கு 2880இல் வரைந்து பிறகு சுருக்குது. உலாவியின் டெவ்டூல்ஸில் பிக்சல் விகிதம் 2 என்று வரும், ஆனா உங்க சிஎஸ்எஸ்ஸில் 1 பிக்சல் கோடு நிஜத்தில் ஒன்றரைப் பிக்சல். கோடு மங்கலா தெரியுதேன்னு சிஎஸ்எஸ்ஸை மாத்தாதீங்க. 1920க்கு 1080க்கு மாறிப் பாருங்க, அப்போ கச்சிதமா இரண்டு பிக்சல்.

செங்காங்_நிரலர்:
மிக்க நன்றி. 30 ஹெர்ட்ஸ்தான், பார்த்துவிட்டேன். இன்னும் இரண்டு: அறையில் வைஃபை இளைக்கிறது, ரௌட்டர் வீட்டுப் பாதுகாப்பறைக்குள் இருக்கிறது. மேக்கில் ஓடும் தளத்தைக் கைபேசியில் திறந்தால் சில சமயம் திறப்பதில்லை, திறந்தாலும் கேமரா வேலை செய்வதில்லை.

பொங்கோல்_வலை:
அந்த அறைச்சுவர் கம்பி கட்டிய கான்கிரீட், கதவு இரும்பு. கதவைச் சாத்தினால் அலை சரியாக வெளியே வராது. ஓஎன்டி (ஃபைபர் இணைப்பு வந்து சேரும் பெட்டி) உள்ளே இருக்கட்டும், ரௌட்டரை மட்டும் கேட் 6 கம்பியில் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்தச் சுவரில் துளை போடக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிமுறை இருக்கிறது, பார்க்காமல் தொடாதீர்கள். புதிய பிடிஓ வீடு (முன்பதிவுக்குப் பிறகு கட்டித் தரும் வீவக வீடு) என்றால் படுக்கையறைச் சுவரிலேயே ஆர்ஜே45 துளை இருக்கக்கூடும். இருந்தால் மேசைக்கு நேரே கம்பி இழுத்துவிடலாம், வைஃபையை மறந்துவிடலாம்.

கைபேசி திறக்காததற்கு வழக்கமான காரணம், வீட் தன் கணினிக்குள் மட்டும் காது கொடுத்திருப்பது. ஹோஸ்ட் தெரிவைச் சேர்த்து ஓட்டினால் வீட்டு வலையமைப்பு முழுக்கக் கேட்கும். கைபேசி விருந்தினர் வைஃபையில் இருந்தாலும் திறக்காது, அங்கே கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடுவதில்லை.

கேமரா விஷயம் வேறு. லோக்கல்ஹோஸ்ட் முகவரியை உலாவி பாதுகாப்பானது என்று ஏற்கும், 192.168 என்று தொடங்கும் முகவரியை எச்டிடிபிஎஸ் இல்லாமல் ஏற்காது. கேமரா, இருப்பிடம், சர்வீஸ் வொர்க்கர் மூன்றும் அதனால் நிற்கும். ஆண்ட்ராய்டில் சுலபம்: யூஎஸ்பி பிழைநீக்கத்தை இயக்கி, கம்பியில் இணைத்து, மேக் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் 5173 என்ற போர்ட்டை (வீட் வழக்கமாக ஓடும் எண்) முன்னனுப்பச் சொல்லுங்கள். கைபேசியில் லோக்கல்ஹோஸ்ட் 5173 என்றே திறக்கலாம். ஐபோனில் அந்த வசதி இல்லை. எம்கேசெர்ட் என்ற கருவி கொண்டு சான்றிதழ் செய்து, அதன் வேர்ச்சான்றிதழை ஐபோனில் நிறுவி, பிறகு ஜெனரல், அபௌட் வழியே உள்ளே போய்ச் சான்றிதழ் நம்பிக்கைப் பொத்தானையும் இயக்க வேண்டும். நிறுவினால் போதும் என்று பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள், எச்சரிக்கை போகவே போகாது.

இங்கே ஐபோனில் குரோமைத் திறந்தாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்தான். ஆகவே ஆண்ட்ராய்டு ஒன்று, ஐபோன் ஒன்று, இரண்டும் மேசையில் இருக்கட்டும். பழைய மாதிரியே போதும்.

உட்லண்ட்ஸ்_டெர்மினல்:
விண்டோஸ் பக்கம் இரண்டு வரி. டபிள்யூஎஸ்எல் 2இல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வேலை செய்தால் நிரலை லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறையில் வையுங்கள். சி டிரைவில் வைத்தால் தொகுப்பு நிறுவுவது ஊர்ந்து போகும், கோப்பைச் சேமித்தாலும் வீட் கருவிக்குத் தெரியாது, பக்கம் தானாகப் புதுப்பிக்காது. இயல்பாக டபிள்யூஎஸ்எல் நினைவகத்தில் பாதி வரை, உங்கள் 16இல் 8 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் 6 ஜிபி என்று வரம்பு போட்டு, டபிள்யூஎஸ்எல்லை முழுக்க நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். நிறுத்தாமல் விட்டால் மாற்றம் ஏறாது.

நாலு மொழித் தளம் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. விஎஸ் கோட் எழுத்துரு வரிசையில் இரண்டாவதாக நோட்டோ சான்ஸ் தமிழைச் சேருங்கள். பொத்தானைச் சோதிக்கும்போது ஆங்கிலச் சொல்லை வைத்துப் பார்த்து முடித்துவிடாமல், "விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்" என்று முழுத் தமிழை வையுங்கள். அகலம் பொத்தானைத் தாண்டும். வரி உயரம் 1.2 என்று இருந்து, வழிவதை மறைக்கும் விதியும் போட்டிருந்தால் மெய்யெழுத்தின் புள்ளியோ ஊகாரத்தின் வாலோ வெட்டுப்படும். 1.6 வையுங்கள்.